ரெண்டாவது டேக் இல்லாத பாட்டுக்கு கெயின் வைப்பது எப்படி?

ஹாஸ்டல்ல இப்போ மாடிக்கு ஒரு மைக்காவது இருக்கு. பாட்காஸ்ட், கவர் சாங், ஷார்ட் ஃபிலிம் டப்பிங்னு ஏதோ ஒண்ணுக்காக யாராவது ஒருத்தர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி வச்சிருப்பாங்க. அதோட முன்பக்கம் 'கெயின்'னு ஒரு நாப் இருக்கும். எல்லாரும் முதல்ல தொடுறது அதைத்தான். சரியா வச்சோமாங்கிற சந்தேகம் கடைசி வரைக்கும் போகாத நாப்பும் அதுதான்.

ரூம்ல ரெக்கார்ட் பண்ணும்போது அந்தச் சந்தேகம் பெருசாத் தெரியாது. கெட்டுப்போனா அழிச்சுட்டு மறுபடி பாடலாம். ஆனா அதே மைக்கோட உசிலம்பட்டி பக்கமோ மேலூர் பக்கமோ ஒரு ஊருக்குப் போறீங்கனு வைங்க. அங்க எண்பது வயசுல ஒரு பாட்டி. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் தெரியும். அவங்களுக்கு அப்புறம் அந்த வீட்ல அதைப் பாட ஆள் கிடையாது. பாட ஆரம்பிச்சு, குரல் மெல்ல ஏறி, உச்சிக்குப் போற இடத்துல உங்க இன்டர்ஃபேஸ்ல சிவப்பு லைட் எரியுது. "பாட்டி, இன்னொரு தடவை"னு கேட்கலாம்தான். ஆனா அதே அழுகை மறுபடி வராது.

அந்த ஒரு டேக்கைக் காப்பாத்த என்ன தெரிஞ்சிருக்கணுமோ, அது மட்டும்தான் இந்தக் கட்டுரை.

கெயின் வேற, வால்யூம் வேற

மைக்ல இருந்து வர்ற மின்னழுத்தம் ரொம்பச் சின்னது. வாயைப் பக்கத்துல வச்சுச் சத்தமாப் பேசினா, மைக்கோட முகத்துல ஏறக்குறைய 94 டெசிபல் ஒலி விழும்னு வச்சுக்குவோம். மைக் கம்பெனிக்காரங்க அளவு சொல்றதும் இந்த 94-ஐ வச்சுத்தான். இதுக்கு ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக் கொடுக்கிறது 1.85 மில்லிவோல்ட். ரோட் என்டி1-ஏ மாதிரி ஒரு கண்டென்சர் மைக் 25 மில்லிவோல்ட் கொடுக்கும். ஆனா பின்னாடி இருக்கிற டிஜிட்டல் கன்வெர்ட்டருக்கு வோல்ட் கணக்குல சிக்னல் வேணும். நடுவுல நின்னு அந்த மில்லிவோல்ட்டைப் பெருக்கிக் கொடுக்கிறதுதான் ப்ரீஆம்ப். எத்தனை மடங்கு பெருக்கணும்னு நீங்க சொல்றதுதான் கெயின்.

கணக்கு சுலபம். 6 டெசிபல் ஏத்தினா மின்னழுத்தம் 2 மடங்கு. 20 டெசிபல்னா 10 மடங்கு, 40-னா 100, 60-னா 1000 மடங்கு.

மேலே சொன்ன ரெண்டு மைக்குக்கும் நடுவுல கிட்டத்தட்ட 13.5 மடங்கு வித்தியாசம். அதாவது சுமார் 23 டெசிபல். அதனால "நான் எப்பவும் நாப்பை ரெண்டு மணி முள் மாதிரி வைப்பேன், நீயும் அப்படியே வை"னு யாராவது சொன்னா, அது அவரோட மைக், அவரோட குரல், அவர் உட்கார்ற தூரம் மூணும் சேர்ந்தாதான் சரி. நாப்போட பொசிஷனைக் காப்பி அடிக்க முடியாது. மீட்டரைப் பார்த்துதான் வைக்கணும்.

வால்யூம் வேற விஷயம். ஹெட்ஃபோன் நாப், சாஃப்ட்வேர்ல இருக்கிற ஃபேடர் ரெண்டுமே சிக்னல் டிஜிட்டலா மாறினதுக்கு அப்புறம் வர்றது. அதைக் கூட்டினாலும் குறைச்சாலும் பதிவாகுற ஃபைல் மாறாது. கெயின் அதுக்கு முன்னாடி இருக்கு. அங்க வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் திரும்ப வளராது. காதுக்குச் சத்தம் பத்தலைன்னா ஹெட்ஃபோன் நாப்பைத் திருகுங்க, கெயினைத் தொடாதீங்க.

வைகை அணைல ஏன் 66 அடியிலயே எச்சரிக்கை?

மதுரைக்காரங்களுக்கு இது தெரிஞ்ச கணக்கு. வைகை அணைல 71 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம். ஆனா 66 அடி வந்ததுமே முதல் வெள்ள அபாய எச்சரிக்கை கொடுத்துடுவாங்க. 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. இன்னும் இடம் இருக்கும்போதே எதுக்கு இவ்வளவு அவசரம்? மலைல அடுத்து எவ்வளவு மழை கொட்டும்னு யாருக்கும் தெரியாதுங்கிறதால. அந்த 5 அடிதான் ரெக்கார்டிங் பாஷைல ஹெட்ரூம்.

டிஜிட்டல் மீட்டரோட உச்சி 0. அதனாலதான் மத்த எண் எல்லாம் மைனஸ்ல இருக்கு. 0-க்கு மேல எழுத எண்ணே கிடையாது. எவ்வளவு பெரிய சிக்னல் வந்தாலும் அதே கடைசி எண்ணைத்தான் வரிசையா எழுதும். வேவ்ஃபார்மைப் பெருசாக்கிப் பார்த்தா, மலை மாதிரி இருக்க வேண்டிய உச்சிகள் எல்லாம் ரம்பம் வச்சு அறுத்த மாதிரி மொட்டையா இருக்கும். இதுதான் க்ளிப்பிங். அறுபட்ட அலைல, பாடினவங்க குரல்ல இல்லாத புது ஹார்மோனிக்ஸ் சேர்ந்துடும். காதுல 'கரகர'னு கேட்கிறது அதுதான்.

இதைச் சரிபண்ண சாஃப்ட்வேர் இருக்கு. அக்கம்பக்கத்துல இருக்கிற அலையைப் பார்த்து, நடுவுல என்ன இருந்திருக்கும்னு ஊகிச்சு நிரப்பும். எங்கேயோ ஒரு இடத்துல லேசா இடிச்சிருந்தா தப்பிச்சுக்கலாம். ஒரு அடி முழுக்க அறுபட்டிருந்தா, கேட்கிறது பாட்டியோட குரலா, சாஃப்ட்வேரோட ஊகமானு சொல்ல முடியாது.

அணையிலயாவது தண்ணி கூடினா ஷட்டரைத் திறக்கலாம். நம்ம கன்வெர்ட்டருக்கு ஷட்டர் இல்ல.

எவ்வளவு இடம் விடணும்?

"சிவப்பு தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஏத்து, இல்லைன்னா இரைச்சல் வரும்"னு ஒரு பழைய அறிவுரை இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. டேப் காலத்துல அதுக்கு அர்த்தம் இருந்துச்சு. 16-பிட் காலத்துலயும் ஓரளவு இருந்துச்சு. இன்னைக்கு நிலைமை வேற.

16-பிட்டோட வீச்சு 96 டெசிபல். 24-பிட்டோடது காகிதத்துல 144. நிஜத்துல நல்ல கன்வெர்ட்டர் ஒண்ணு 110 டெசிபல் அளவுக்குக் கொடுக்கும்னு எடுத்துக்குவோம். இப்போ ஒரு வீட்டு அறையை யோசிங்க. சீலிங் ஃபேன் ஓடுது, அறையோட இரைச்சல் 40 டெசிபல்னு வைங்க. பாடுறவங்களோட உச்சம் மைக்ல 100 டெசிபல். ரெண்டுக்கும் நடுவுல 60 தான் இடைவெளி. நீங்க பயந்து 15 டெசிபல் ஹெட்ரூம் விட்டாலும், கன்வெர்ட்டரோட இரைச்சல் அந்த உச்சத்துக்கு 95 டெசிபல் கீழே கிடக்கும். அதாவது ஃபேன் சத்தத்துக்கும் 35 டெசிபல் கீழே. அது யார் காதுக்கும் கேட்காது. கேட்கப்போறது ஃபேன்தான்.

ப்ரீஆம்ப்போட இரைச்சலும் நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. நாம படிச்ச தெர்மல் நாய்ஸ் ஃபார்முலால 150 ஓம், 20 கிலோஹெர்ட்ஸ், அறை வெப்பநிலை மூணையும் போட்டுப் பாருங்க. சுமார் 0.22 மைக்ரோவோல்ட் வரும். ஒரு மைக்கோட ரெசிஸ்டன்ஸ் மட்டுமே உண்டாக்குற இரைச்சல் அது. எத்தனை லட்சம் கொடுத்து ப்ரீஆம்ப் வாங்கினாலும் அதுக்குக் கீழே போக முடியாது. இன்னைக்கு மாணவர்கள் வாங்குற இன்டர்ஃபேஸ்களே இந்த எல்லைக்கு ஒரு சில டெசிபல் பக்கத்துல வந்தாச்சு.

ஒலிபரப்புக்காரங்க எப்படி வைக்கிறாங்கனு பாருங்க. ஐரோப்பிய வழக்கத்துல அவங்களோட வழக்கமான வேலை லெவல் டிஜிட்டல் மீட்டர்ல −18-ல உட்காரும். அமெரிக்க வழக்கத்துல −20. மேல இருக்கிற அத்தனை இடத்தையும் தெரிஞ்சேதான் காலியா விடுறாங்க.

நமக்கு எளிய விதி: 24-பிட்ல ரெக்கார்ட் பண்ணுங்க. சாதாரணமாப் பாடும்போது மீட்டர் −20-ஐச் சுத்தி ஆடட்டும். உச்சம் −10-ஐத் தாண்டாம இருக்கட்டும்.

அதுக்காக கெயினை ஒரேயடியா அடியில வச்சுட்டும் போகக் கூடாது. டைனமிக் மைக்கைத் தூரமா வச்சு, கெயினும் கம்மியா இருந்தா, சிக்னல் −50, −60னு பதிவாகும். அப்புறம் அதை ஏத்தும்போது கன்வெர்ட்டரோட இரைச்சலும் கூடவே மேல வந்துடும்.

கெயினுக்கு முன்னாடி சாணும் முழமும்

சத்தம் பத்தலைன்னா முதல்ல தொட வேண்டியது மைக் ஸ்டாண்டை. தூரம் பாதியாக் குறைஞ்சா, நேரா வர்ற குரல் 6 டெசிபல் கூடும். ஒரு முழத்துல இருந்த மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டு வாங்க. குரல் 2 மடங்காகும். ஃபேன், வெளியில ஓடுற மினிபஸ், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எல்லாம் அப்படியே அதே அளவுலதான் இருக்கும். கெயினைக் கூட்டினா இது எல்லாமே சேர்ந்து கூடும். குரலை மட்டும் கூட்டுற ஒரே நாப் மைக்கோட தூரம்தான்.

ஒரு சாணுக்கும் கீழே போக வேண்டாம். நாம வாங்குற பெரும்பாலான மைக் கார்டியாய்டு வகை. ரொம்பக் கிட்ட போனா அடித்தொண்டை அதிகமாகி, குரல் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகும். இன்னொண்ணு, கிட்ட இருக்கும்போது தலையை லேசா அசைச்சாலே லெவல் தாவும். சாண் தூரத்துல இருக்கிறவங்க உணர்ச்சில அரைச் சாண் முன்னாடி சாய்ஞ்சா, உங்க ஹெட்ரூம்ல 6 டெசிபல் அங்கேயே காலி. வயசானவங்க தரையில உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே பாடுவாங்க. அவங்களுக்கு ஒண்ணரைச் சாண் நல்லது.

மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ

கோயில் கொடைல மைக் செட்காரர் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. "ஹலோ, மைக் டெஸ்டிங்." அதைச் சொல்ற குரலும் அன்னைக்கு ராத்திரி மேடைல கேட்கிற குரலும் ஒண்ணா? சோதனைல யாரும் முழுக் குரலைத் தர்றதில்ல. கேட்க ஆள் இல்லாதப்போ தொண்டை தானா அடங்கிடும்.

நம்ம பக்கத்துப் பாட்டு மரபுல இது இன்னும் அதிகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரைல தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினப்போ நாடக மேடைல மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரணும்; அதுக்கு ஏத்த மாதிரிதான் தொண்டையைப் பழக்கினாங்க. வயக்காட்டுல பாடினவங்களுக்கும் அப்படித்தான், குரல் அடுத்த வரப்பைத் தாண்டணும். அந்தப் பழக்கத்துல வந்தவங்க உச்சிக்குப் போகும்போது மைக்குக்காகப் பின்வாங்க மாட்டாங்க. பின்வாங்கவும் சொல்லாதீங்க. இடம் விட வேண்டியது நாமதான்.

ஒப்பாரில இன்னொரு சிக்கல். சாவு விழாத வீட்ல ஒப்பாரி பாடக் கூடாதுனு பல வீடுகள்ல நம்புறாங்க. பாட சம்மதிக்கிறதே பெரிய விஷயம். சில பேர் வீட்டை விட்டு வெளியே வந்து, மரத்தடியிலயோ களத்துலயோ பாடுறேம்பாங்க. அவங்ககிட்ட போய் "லெவல் பார்க்கணும், உச்சில பாடுற இடத்தை ஒரு தடவை பாடிக் காட்டுங்க"னு கேட்கிறது சரியில்ல. கேட்டாலும் கிடைக்கிறது அரைக் குரல்தான்.

அப்போ லெவல் எப்படிப் பார்க்கிறது? "தெரு முனைல நிக்கிற உங்க பேரனை இங்கிருந்தே கூப்பிடுங்க பாட்டி"னு சொல்லுங்க. அந்தக் கூப்பாடு அவங்க தொண்டையோட நிஜ உச்சத்துக்குப் பக்கத்துல இருக்கும். கூச்சமும் இருக்காது, ஏன்னா தினமும் செய்றதுதான். அந்தக் கூப்பாட்டுக்கு மீட்டர் −12-ஐத் தொடுற மாதிரி வச்சுட்டு, அங்கிருந்து இன்னும் 4, 5 டெசிபல் இறக்கிடுங்க. அதுக்கு அப்புறம் ஒரு தாலாட்டோட ஆரம்பிங்க. மெல்லிய குரல் எங்க நிக்குதுனு அதுல தெரிஞ்சிடும்.

மேளத்துக்குப் போனா

நையாண்டி மேளம் பதிவு பண்ணப் போறீங்கனா கணக்கே வேற. நாயனமும் தவிலும் திறந்தவெளிக்காகவே உருவான வாத்தியங்கள். ஊர்வலத்துல தெரு முழுக்கக் கேட்கணும்னு செஞ்சதை, நாம ஒரு முழத்துல மைக் வச்சுப் பிடிக்கப் பார்க்கிறோம்.

ஒரு உதாரணம். 25 மில்லிவோல்ட் கொடுத்த அந்தக் கண்டென்சர் மைக், கூடவே 2.2 வோல்ட்ல நிரம்புற ஒரு இன்டர்ஃபேஸ். பேச்சுக்காக 20 டெசிபல் கெயின் வச்சிருக்கீங்க. 94 டெசிபல் பேச்சுக்கு 25 மில்லிவோல்ட் 10 மடங்காகி 0.25 வோல்ட் ஆகும். மீட்டர் −19-ல நிக்கும். பார்க்க எவ்வளவு பத்திரமா இருக்கு! இப்போ தவில்காரர் ஆரம்பிக்கிறார். மைக்ல 114 டெசிபல்னு வைங்க. ஒலி அழுத்தம் 10 மடங்கு. மைக் 250 மில்லிவோல்ட் கொடுக்குது, ப்ரீஆம்ப் அதை 2.5 வோல்ட்டாக்கப் பார்க்குது. இருக்கிறது 2.2. முதல் அடியே மொட்டை. இது சராசரிக் கணக்குதான்; குச்சி தோல்ல விழுற அந்தக் கணத்தோட உச்சி இன்னும் மேல போகும். மீட்டரோட கண்ணுக்கே சிக்காத வேகத்துல வந்துட்டுப் போகும்.

இதுக்கு வழி மூணு. கெயினை அடிமட்டத்துக்குக் கொண்டு வாங்க. மைக்கை ரெண்டு, மூணு மீட்டர் தள்ளி வைங்க. இன்டர்ஃபேஸ்லயோ மைக்லயோ 'பேட்' பட்டன் இருந்தா அழுத்துங்க. அது 10 அல்லது 20 டெசிபலை முன்னாடியே குறைச்சிடும். கைல டைனமிக் மைக் இருந்தா இங்க அதுதான் நல்லது. பேச்சுக்குக் குறைபாடாத் தெரிஞ்ச அதோட மெல்லிய சிக்னல் இங்க வரமாயிடும்.

போற அன்னைக்கு வரிசையா

1. முதல்ல இடத்தைக் கேளுங்க. ஹெட்ஃபோன் போட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்காருங்க. ஃபேனை நிறுத்த முடியுமானு பாருங்க. வெயில் காலத்துல அது பாவம்தான். ஒரு பாட்டு வரைக்கும் மட்டும் நிறுத்தி, நடுவுல போட்டு விடுங்க.

2. லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரில ஓட்டுங்க. 'ம்ம்ம்'னு வர்ற கரன்ட் இரைச்சல் பல நேரம் அதுலயே போயிடும்.

3. மைக்கை வச்சு, தூரத்தை முடிவு பண்ணுங்க. கெயின் அதுக்கு அப்புறம்தான். தூரம் மாறினா கெயினும் மறுபடி பார்க்கணும்.

4. கண்டென்சர் மைக்னா கெயினை அடியில வச்சு, ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு 48 வோல்ட் பட்டனைப் போடுங்க. அந்த 'டப்' காதுக்கு நல்லதில்ல.

5. கூப்பாடு டெஸ்ட் பண்ணி கெயின் வைங்க. நாப் நிக்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

6. மொபைல் ஆப்லயோ ரெக்கார்டர்லயோ 'ஆட்டோ கெயின்' இருந்தா அணைச்சிடுங்க. பாட்டி மூச்சு வாங்குற இடத்துல அது ஃபேன் சத்தத்தைத் தூக்கும். மறுபடி பாடும்போது குரலை அமுக்கும். ஒப்பாரில அந்த மூச்சும் பாட்டுதான்.

7. ரெக்கார்டர்ல பேக்கப் பதிவு வசதி இருந்தா போட்டு வைங்க. அதே சிக்னலை 12 டெசிபல் மாதிரி குறைச்சு இன்னொரு ஃபைல்லயும் எழுதும். ரெண்டு மைக் இருந்தா, ரெண்டாவதைக் கெயின் நல்லாக் குறைச்சு வைங்க.

8. பாட ஆரம்பிச்சதும் நாப்பை விட்டுக் கையை எடுங்க. நடுவுல திருகினா அந்த மாற்றம் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்துடும். லெவல் கம்மியாத் தோணினா பரவாயில்ல, அப்புறம் ஏத்திக்கலாம். சிவப்பை நெருங்கினா மட்டும் ஒரு பாட்டு முடிஞ்சதும் குறைங்க.

"32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினா இந்தத் தலைவலியே இல்லையே"னு சில பேர் கேட்பீங்க. உண்மைதான். 2019-ல வந்த ஜூம் எஃப்6 மாதிரி கருவிகள்ல 0-ஐத் தாண்டினதையும் பின்னாடி இறக்கி எடுத்துக்கலாம். அதுல உள்ளுக்குள்ள ஒரே சிக்னலை ரெண்டு கன்வெர்ட்டர் வெவ்வேற கெயின்ல படிக்குது, அதனால சாத்தியமாகுது. சாதாரண இன்டர்ஃபேஸை வச்சுக்கிட்டு சாஃப்ட்வேர்ல மட்டும் '32-பிட் ஃப்ளோட்'னு தேர்ந்தெடுத்தா அது நடக்காது. ப்ரீஆம்ப்லயும் கன்வெர்ட்டர்லயும் அறுபட்டதுக்கு அப்புறம்தான் சாஃப்ட்வேர் கைக்கே வருது. மைக்கே தாங்காத சத்தத்தை எந்த ரெக்கார்டரும் காப்பாத்தாது.

இன்னைக்கு ராத்திரியே செஞ்சு பாருங்க

இதை எல்லாம் நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. ரூம்ல ஃபேனைப் போட்டுட்டு, மைக்ல இருந்து ஒரு சாண் தூரத்துல ஒரே பத்தியை மூணு தடவை படிங்க. முதல் தடவை உச்சம் −3-ல நிக்கிற மாதிரி கெயின், அடுத்து −12, அடுத்து −20. அப்புறம் சாஃப்ட்வேர்ல மூணையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வந்து, கண்ணை மூடிக் கேளுங்க. பக்கத்து ரூம்காரரை மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. எது எதுன்னு கண்டுபிடிக்கப் பெரும்பாலும் திணறுவீங்க. மூணுலயும் ஃபேன் ஒரே மாதிரி கேட்கும்.

நாலாவதா, −3-க்கு வச்ச அதே கெயின்ல, எதிர் பிளாக்ல இருக்கிற ஃப்ரெண்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அந்த ஃபைலைத் திறந்து வேவ்ஃபார்மைப் பெருசாக்கிப் பாருங்க. உச்சியெல்லாம் எப்படி அறுபட்டிருக்குனு நல்லாப் பார்த்து வச்சுக்கோங்க. பாட்டி ஊருக்குப் போறப்போ அந்தப் படம் மனசுல இருந்தா போதும், கை தானா நாப்பைக் கொஞ்சம் இறக்கும்.